ஹோஸ் எட்டாத மூலை

1. போன்

நான் எழுதிக் கொடுத்த ஒரு ரிப்போர்ட்டைக் காட்டி ஒரு பெண்ணைப் பொய்க்காரி என்று சொல்லிவிட்டார்கள். அவளே போன் செய்த பிறகுதான் எனக்கு அது தெரியும். அப்போது நான் ஸ்கூட்டரில் அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். காளவாசல் தாண்டி ஒரு டீக்கடை நிழலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசினேன்.

"மேடம், பரவையில ஒரு வீட்ட ஆடிட் பண்ணுனீகல்ல, அந்த வீட்டு மருமக பேசுறேன். இப்ப கொட்டாம்பட்டியில எங்கம்மா வீட்டுல இருக்கேன்."

சொல்லும்மா என்றேன். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். இந்த வேலையில் அது பழக்கம்தான். அவள் திட்டவுமில்லை, அழவுமில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என் ரூமுல நீங்க எம்புட்டு நேரம் மேடம் இருந்தீக?"

இருபது நிமிடம். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லா ரூமும் முறைப்படி பார்த்தோம், ரீடிங் எல்லாம் எடுத்தோம் என்று மழுப்பினேன். பிறகு, உங்கள் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு மாமனார் என்னைப் பொய்க்காரி என்று சொல்லிவிட்டார், தெரிந்துகொள்ளுங்கள் என்பதற்காகத்தான் கூப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

டீ வாங்கினேன். குடிக்காமலே காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

2. இந்த வேலை என்ன வேலை

புதிதாக வரும் பிள்ளைகளுக்காக எழுதுவதால் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் கார்டில் 'ஹோம் எனர்ஜி ஆடிட்' என்று போட்டிருக்கும். வீட்டுக்காரர்களுக்கு நாம் கரண்ட் பில்லைக் குறைத்துத் தருகிற ஆள். சிலருக்கு நாம் திருட்டுக் கரண்ட் பிடிக்க வந்தவர்கள். ஒரு வீட்டில் என்னைப் பார்த்ததும் பின்பக்கம் போய் ஒயரைப் பிடுங்கிவிட்டு வந்து காபி கொடுத்தார்கள்.

போனதும் ஒரு வருடத்துப் பில்லை வாங்கிப் பார்க்க வேண்டும். எந்த மாதத்தில் யூனிட் ஏறுகிறது என்பதில் பாதி விஷயம் தெரிந்துவிடும். அப்புறம் வீட்டில் உள்ள எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிவிட்டு மீட்டரின் முன்னால் நிற்க வேண்டும். எல்லாம் அணைந்த பிறகும் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தால் எங்கோ கரண்ட் ஒழுகுகிறது என்று அர்த்தம். பிரிட்ஜ் கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுக்க வேண்டும். லேசாக உருவிக்கொண்டு வந்தால் கதவு ரப்பர் போய்விட்டது. மோட்டார், ஹீட்டர், மிக்ஸி என்று ஒவ்வொன்றுக்கும் கிளாம்ப் மீட்டர் போட்டு எவ்வளவு இழுக்கிறது என்று குறிக்க வேண்டும்.

கடைசியில் ரூம்கள். தெர்மல் கேமரா என்று ஒன்று தருவார்கள். சுவரையும் கூரையையும் படம் எடுத்தால் குளிர்ந்த இடம் நீலமாகவும், சூடான இடம் மஞ்சளாகவும் சிவப்பாகவும் தெரியும். ஏசி இருந்தால் அதைப் போட்டுவிட்டு, எத்தனை நிமிடத்தில் கம்ப்ரசர் கட்-ஆஃப் ஆகிறது என்று பார்ப்போம். ரூம் குளிர்ந்தால் கம்ப்ரசர் தானாக நிற்கும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் ஏசியில் கோளாறு, இல்லையென்றால் ரூமில் கோளாறு.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் ஒரு வீட்டுக்கு அரை நாள் ஆகும். எங்கள் முதலாளி ஒரு நாளைக்கு மூன்று வீடு கேட்பார். நான் நான்கு முடித்துக் கொடுத்து நல்ல பேர் வாங்கியிருந்தேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் படிக்கட்டுப் பக்கம் போய் நிற்பேன். மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்த பன்னிரண்டு வருடமும் நின்றுகொண்டேதான் கட்டினேன். உட்கார்ந்து கட்டச் சொல்லிக் கடைக்காரருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

என்னைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். இரண்டும் இந்தக் கதைக்கு வேண்டியவை. ஒன்று, நான் பேரையூர் பக்கத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் தெருவிலேயே டிப்ளமோ முடித்த முதல் ஆள் நான்தான். தகரக் கூரைக்குக் கீழே படித்துத்தான் முடித்தேன். அதனால் கான்கிரீட் வீட்டில் இருந்துகொண்டு யாராவது புழுக்கம் தாங்கவில்லை என்று சொன்னால் எனக்கு உள்ளுக்குள் ஒரு நக்கல் வரும். உங்களை எங்கள் தகரத்துக்குக் கீழே ஒரு சித்திரை மாதம் படுக்க வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டாவது, இந்த வேலையில் பெண்கள் குறைவு. பொம்பளை ஆடிட்டர் பொம்பளைக்குத்தான் பேசுவாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு இருந்தது. அந்த வீம்பில் ஆண்களைவிடக் கறாராகவே ரிப்போர்ட் எழுதினேன்.

3. பரவை வீடு

வைகாசி பிறந்த புதிது. வீட்டுக்காரர் சோணைமுத்து. பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கடை, மேற்கே சொந்தத் தோட்டம். அவருடைய மனைவி பேச்சியம்மாள். மூத்த மகன் பிரபு ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறான். எப்போதும் நைட் டூட்டி. இளைய மகன் காலேஜ் படிக்கிறான். கீழே ஹாலும் இரண்டு ரூமும். மாடியில் மேற்குப் பார்த்த ஒரே ரூம். கல்யாணம் ஆனபோது பிரபுவுக்காக அந்த ரூமைக் கட்டி, ஏசியும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

எங்களைக் கூப்பிட்டது பிரபுதான். வாசலிலேயே என்னைத் தனியாக நிறுத்தி விஷயத்தைச் சொன்னான். மனைவி பவித்ரா, எட்டு மாதக் கைக்குழந்தை. மாடி ரூமில் இருக்கவே முடியவில்லை, அனல் அடிக்கிறது, குழந்தை தூங்காமல் கத்துகிறது என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு தடவை குழந்தைக்கு நீர்ச்சத்து குறைந்து டிரிப்ஸ் ஏற்றியிருக்கிறார்கள். ஏசி இரவு பகலாக ஓடுகிற ரூமில் எப்படி அனல் அடிக்கும் என்பது சோணைமுத்துவின் கேள்வி. கீழே படுத்துக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறாள். விடிவதற்கு முன்பே கடை ஆட்கள் வந்து போகிற ஹாலில் வீட்டு மருமகள் படுத்தால் நன்றாக இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். தனிக்குடித்தனம் போக அவள் போடும் திட்டம் இது என்று பேச்சு வளர்ந்தது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் ஒன்றரை மாதம் ஆகிவிட்டது.

"நீ என்னப்பா சொல்ற?" என்று அவனிடம் கேட்டேன்.

"எனக்கு என்ன தெரியும் மேடம். நான் காலையில எட்டு மணிக்கு வந்து படுக்குறேன். அப்ப ரூம் நல்லாத்தான் இருக்கு. மத்தியானம் எந்திரிச்சுக் கீழ போயிருவேன்."

உள்ளே போனதும் சோணைமுத்து விஷயத்தை இன்னும் சுருக்கமாகச் சொன்னார். அந்தப் பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"வீட்டுல கொறை இருக்குன்னு நீங்க எழுதிக் குடுங்க, நானே கொட்டாம்பட்டிக்குப் போயி மருமகளக் கூட்டிட்டு வாரேன். கொறை இல்லேன்னா, அந்தப் புள்ளைக்கு இங்க வாழப் பிடிக்கல. அம்புட்டுத்தேன்."

ஆக, ஒரு குடும்பம் சேருமா பிரியுமா என்பதை என் பேனாவில் கொண்டு வந்து நிறுத்திவிட்டார்கள். அப்போதாவது நான் நிதானித்திருக்க வேண்டும். எனக்கு அடுத்த வீட்டு ஞாபகம். கோச்சடையில் ஒருவர் பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். அதற்கிடையில் இரண்டு தடவை போன் வேறு போட்டுவிட்டார்.

வீடு பளபளவென்று இருந்தது. தரை கழுவி ஈரம் காயவில்லை. வாசலில் பெரிய கோலம். பேச்சியம்மாள் சில்வர் தட்டில் காபியும் முறுக்கும் கொண்டு வந்தார். காபியை நின்றுகொண்டே குடித்தேன். பில், மீட்டர், பிரிட்ஜ், மோட்டார் எல்லாம் முடித்து மாடி ரூமுக்குப் போகும்போது மணி பத்தே முக்கால்.

ரூம் சாத்தியிருந்தது. ஏசி ரிமோட்டில் பதினெட்டு. எனக்குச் சுருக்கென்றது. இப்படிப் பதினெட்டில் வைத்து ஓட்டினால் பில் வராமல் என்ன செய்யும்? இருபத்து நாலில் வைத்து ஏசியைப் போட்டேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் கம்ப்ரசர் அழகாகக் கட்-ஆஃப் ஆனது. அதற்கிடையிலேயே கூரையைக் கேமராவில் பார்த்துவிட்டேன். முப்பத்து மூன்று டிகிரி. முழுக்க நீலம். மேற்கு மூலையில் மட்டும் ஒரு முக்கோணம் மஞ்சளாக, நாற்பது காட்டியது. மேற்குச் சுவர், வெயில் படுகிற இடம் என்று குறித்துக்கொண்டேன். மொட்டை மாடிக்கும் ஓர் எட்டு போய் வந்தேன். அங்கங்கே ஈரம். டேங்க் நிரம்பி வழிந்திருக்கும் என்று நினைத்தேன்.

இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அன்று மாலையே ரிப்போர்ட் அனுப்பினேன். கடைசிப் பக்கத்தில் பரிந்துரை என்று ஒரு கட்டம் இருக்கும். வீட்டுக்காரர்கள் படிப்பது அதை மட்டும்தான். அதில் நாங்கள் எல்லோரும் வழக்கமாகப் போடும் வரியைப் போட்டேன்: 'அறையிலும் ஏசியிலும் குறை இல்லை. பயன்படுத்தும் முறையில் மாற்றம் தேவை.'

இந்த வரியைப் போல நூறு எழுதியிருப்பேன். ஒரு தடவைகூட அது யாரைப் பற்றிச் சொல்கிறது என்று யோசித்ததில்லை.

4. மஞ்சள் முக்கோணம்

டீக்கடையிலிருந்து கிளம்பி அடுத்த வீட்டுக்குப் போனேன். கை வேலை செய்தது, மனசு ஒட்டவில்லை. பிரிட்ஜ் கதவில் வைத்த காகிதத்தை எடுக்க மறந்து வீட்டுக்கார அம்மா ஓடி வந்து கொடுத்தார். எம்புட்டு நேரம் இருந்தீக, எம்புட்டு நேரம் இருந்தீக என்று காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்றாவது வீட்டை இன்னொரு நாளைக்குத் தள்ளிவிட்டு ஆபீசுக்குத் திரும்பினேன்.

லேப்டாப்பில் பரவை வீட்டுப் படங்களைத் திறந்தேன். எனக்குச் சாதகமாக எதையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்றுதான் திறந்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் எழுதியது சரிதான் என்று எனக்கே நிரூபித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஆசை.

கூரைப் படத்தில் அந்த மஞ்சள் முக்கோணம். கீழே என் குறிப்பு: மேற்குச் சுவர், வெயில். படம் எடுத்த நேரம்: பத்து ஐம்பத்தி இரண்டு.

காலை பத்து ஐம்பத்தி இரண்டுக்கு மேற்குச் சுவரில் எப்படி வெயில் அடிக்கும்?

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். ஆபீசுக்குள்ளேயே நாலு தடவை நடந்தேன். அந்த மூலையின் சூடு அன்றைய வெயில் இல்லை. முந்தின நாள் வெயில் கான்கிரீட்டுக்குள் இறங்கி, இரவெல்லாம் இருந்து, காலையிலும் மிச்சமிருந்த சூடு. அப்படியென்றால் அந்தக் கூரை முழுவதுமே நாற்பதில் இருந்திருக்க வேண்டும். மற்ற இடமெல்லாம் ஏன் முப்பத்து மூன்று? யாரோ குளிர வைத்திருக்கிறார்கள். மாடியில் நான் பார்த்த ஈரம் டேங்க் வழிந்த ஈரம் இல்லை.

யாராவது வேண்டுமென்றே செய்தார்களா என்று சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் எனக்குப் பிடித்துமிருந்தது. அவர்கள் ஏமாற்றியிருந்தால் தப்பு என்னுடையது இல்லையே. முதலாளியிடம் போய், பரவை வீட்டை மறுபடி பார்க்க வேண்டும் என்றேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"குடுத்த ரிப்போர்ட்டத் திரும்ப வாங்குனா கம்பெனி பேரு என்னத்துக்கு ஆகும் மேடம்?"

ஒரு பச்சைக் குழந்தை இருக்கிற வீடு சார் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, உங்கள் லீவு நாளில் போய்க்கொள்ளுங்கள் என்றார். மறுநாளுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

5. உட்கார்ந்தது

யாருக்கும் சொல்லாமல் மத்தியானம் மூன்றரை மணிக்குப் போய் நின்றேன். வீட்டில் பேச்சியம்மாள் மட்டும் இருந்தார், பிரபுகூட வெளியே போயிருந்தான். என்னைப் பார்த்ததும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சோபாவில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டே பேசினார்.

"சொல்லாம வந்துட்டீகளே மேடம், வீடு போட்டது போட்டபடி கெடக்கு. அன்னைக்குன்னா மொத நாளு சாயங்காலமும் கழுவி, நீங்க வர்ற அன்னைக்கு விடியக்காலையும் மொட்டை மாடியெல்லாம் தண்ணி விட்டு அலசிப் போட்டிருந்தேன். ஆபீஸ்ல இருந்து ஆளு மாடிக்கு ஏறிப் பாப்பாகன்னு பிரபு சொன்னான். அழுக்காக் கெடந்தா என்ன நெனப்பாக? அந்த மேக்கு மூலைக்குத்தான் ஹோஸ் எட்டல."

வெள்ளந்தியாகச் சொன்னார். வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றால் நம் ஊரில் வாசல் தெளிப்போம், கழுவித் துடைப்போம். இவர் கூடுதலாகக் கூரையையும் கழுவியிருக்கிறார். டாக்டர் வருகிறார் என்று காய்ச்சல்காரன் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டு வைத்த மாதிரி ஆகிவிட்டது. அதைப் புரிந்துகொள்ள வேண்டிய டாக்டர் நான். ஈரத்தைக் கண்ணால் பார்த்தேன், அது எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் ரூமில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்றேன். ஏசி போட்டுக்கொள்ளுங்கள் என்று சாவியைக் கொடுத்தார்.

கட்டில், அதையொட்டி ஒரு தொட்டில் கம்பி. நாற்காலி இல்லாததால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். நாலு மணிக்குக் கூரை நாற்பத்தொன்று. ஏசியை இருபத்து நாலில் போட்டேன். அரை மணி நேரம் ஆகியும் கம்ப்ரசர் நிற்கவில்லை. இருபதுக்கு இறக்கினேன். நிற்கவில்லை. ஐந்து மணிக்கு என் கையே ரிமோட்டை எடுத்துப் பதினெட்டில் வைத்துவிட்டது. வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

அந்த மூன்று மணி நேரம் நான் பட்ட பாடு சொல்லி முடியாது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து கதவு வரை போனேன். கைப்பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துத் திரும்ப அடுக்கினேன். போதும், தெரிந்துவிட்டது, ஓடு என்று கால் சொன்னது. அவள் எங்கே ஓடியிருப்பாள் என்று நினைத்து உட்கார்ந்துகொண்டேன். ஆறரை மணிக்கு வெளியே வெயில் தாழ்ந்து காற்றுகூட அடித்தது. உள்ளே கூரை நாற்பத்து நாலு. ஏசி காற்றை முப்பத்து மூன்றுக்கு மேல் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இறக்க அதனால் முடியவில்லை. காற்று எப்படி இருந்தால் என்ன, தலைக்கு மேலே ஒரு தோசைக்கல் தொங்கிக்கொண்டிருந்தது. உச்சந்தலை காந்தியது. ஜாக்கெட் நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது.

பேச்சியம்மாள் தண்ணீர் கொண்டு வந்தார். முழங்கால் வலியால் அவர் கழுவுகிற வேலை இருந்தால்தான் மாடிக்கு ஏறுவார், இந்த ரூமில் வந்து உட்கார்ந்ததில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்தில் முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். பிறகு மேலே பார்த்தார். அப்புறம் தொட்டில் கம்பியைப் பார்த்தார். இறங்கிப் போய்விட்டார்.

கிளம்பும்போது ஒரு லாகரை ஆணியில் மாட்டினேன். தீப்பெட்டி அளவுக் கருவி அது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ரூமின் சூட்டைக் குறித்து வைத்துக்கொள்ளும். மூன்று நாளைக்கு மாடியைக் கழுவ வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

6. இரண்டாவது ரிப்போர்ட்

லாகர் காட்டியது இதுதான். காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை ரூம் ஒருவழியாக இருக்கக்கூடியதாக இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் ஏறுகிறது. உச்சம் இரவு ஒன்பது மணிவாக்கில். விடிகிறவரை முழுதாக இறங்குவதில்லை. பிரபு தூங்கி எழுந்து கீழே போகும் நேரத்தில் ரூம் கொதிக்கத் தொடங்கி, அவன் டூட்டி முடிந்து வரும் நேரத்தில் அடங்கிவிடுகிறது. நான் போன நேரமும் அந்த நல்ல நேரம்தான்.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. மேலே இன்னொரு மாடி எடுக்கும் எண்ணத்தில் சோணைமுத்து தளத்துக்கு மேல் சூட்டைத் தடுக்கும் தட்டு ஓடு பதிக்காமல் வெறும் கான்கிரீட்டாக விட்டுவிட்டார். பகல் முழுவதும் அது வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு பொழுது போனதும் கீழே விடுகிறது. மேற்கு வெயில் வேறு.

முதலாளி முனகிக்கொண்டே இரண்டாவது ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். தபாலில் அனுப்புங்கள், நேரில் போய்ச் சிக்காதீர்கள் என்றார். எனக்கும் அதுதான் ஆசை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரிலேயே போனேன். மொத்தக் குடும்பமும் ஹாலில் இருந்தது. முதல் வரியாக, 'இந்த அறையில் குடியிருந்தவர் சொன்னது முழுவதும் சரி. எங்கள் முந்தைய ரிப்போர்ட் தவறு' என்று எழுதியிருந்தேன். அதை நானே வாசித்தேன். 

சோணைமுத்து ரிப்போர்ட்டைக் கையில் வாங்கவில்லை.

"அன்னைக்கு ஒண்ணு எழுதுனீக, இன்னைக்கு ஒண்ணு எழுதுறீக. நடுவுல அந்தப் புள்ள போன் போட்டுச்சா?"

நான் எந்தப் பேச்சுக்குப் பயந்து இத்தனை வருடம் கறாராக இருந்தேனோ அந்தப் பேச்சு வந்தேவிட்டது. வந்தபோது நான் நினைத்த அளவுக்கு ஒன்றும் வலிக்கவில்லை. ஆமாம், போன் போட்டாள் என்றேன். ரூமில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று கேட்டாள், இருபது நிமிடம் இருந்துவிட்டு உங்கள் வீட்டுப் பிரச்சினைக்குத் தீர்ப்பு எழுதிவிட்டேன், அது என் தப்பு என்றேன். வேண்டுமானால் இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்களும் நானும் மேலே போய் உட்காரலாம் என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பேச்சியம்மாள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு பேசினார். அவர் அந்த வீட்டில் அப்படிக் குறுக்கே பேசுகிறவர் இல்லை என்பது மற்றவர்கள் திரும்பிப் பார்த்ததிலேயே தெரிந்தது.

"மாடியக் கழுவுனது நாந்தேன். அன்னைக்கு மேடம் கூட ரூமுல உக்காந்து பாத்ததும் நாந்தேன். பச்சப் புள்ளைய அதுக்குள்ள போட்டு வச்சிருந்திருக்கோம்ங்க."

சோணைமுத்து ரிப்போர்ட்டுக்குக் கையை நீட்டினார். பிறகு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். உடனடியாக வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் இரண்டு கோட், மழைக்கு முன் தட்டு ஓடு, மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் ஒரு மறைப்பு, அதுவரை தாயும் பிள்ளையும் கீழ் ரூமில் என்று வரிசையாகச் சொன்னேன். செய்துவிடலாம் என்றார். சொன்ன சொல்லை மீறுகிறவர் இல்லை. நானே போய்க் கூட்டி வருகிறேன் என்று சட்டையை எடுத்தார். பிரபு, நான் போகிறேன் அப்பா என்று ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு அப்போதே பைக்கில் கிளம்பினான்.

நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். அந்த நிம்மதி சாயங்காலம் வரைக்கும்தான். பிரபு போன் செய்தான். தனியாகத் திரும்பி வந்திருந்தான்.

பவித்ரா ரிப்போர்ட்டை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை படித்தாளாம். மடித்து அவனிடமே கொடுத்தாளாம். நான் ஒரு வருடமாகச் சொன்னது உங்கள் யாருக்கும் கேட்கவில்லை, ஒரு மெஷின் மூன்று நாள் சொன்னதும் கேட்டுவிட்டது என்றாளாம். கடைசியாக அவனிடம் ஒன்று கேட்டிருக்கிறாள். அதை அவன் என்னிடம் அப்படியே சொன்னான்.

"அந்த மூணு நாளும் அந்த மெஷின் கூட யாரு படுத்திருந்தீகன்னு கேட்டா மேடம்."

ராத்திரியில் யாரும் படுக்கவில்லை. அவன் டூட்டிக்குப் போயிருந்தான். நான் என் வீட்டில் ஃபேனுக்குக் கீழே படுத்திருந்தேன்.

7. முதுகு

அடுத்த பத்துப் பன்னிரண்டு நாளும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பரவைப் பக்கம் வேலை வந்தால் வேறு ஆளை அனுப்பச் சொன்னேன். ஒரு நாள் பிரபுவுக்கு போன் போட்டுப் பார்த்தேன். எடுக்கவில்லை. ரிப்போர்ட்டைத் திருத்தியாயிற்று, இதற்கு மேல் நமக்கு என்ன என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தேன். மனது கேட்கவில்லை.

பிறகு பவித்ராவே கூப்பிட்டாள். பின்னால் குழந்தையின் சத்தம் கேட்டது. பரவையிலிருந்து பேசுகிறேன் மேடம் என்றாள்.

நடந்தது இது. பிரபு கொட்டாம்பட்டியிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய மறுநாள் டூட்டியைப் பகலுக்கு மாற்றி வாங்கியிருக்கிறான். பெயின்ட் அடிக்க ஆள் வந்தபோது, ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று அவனே திருப்பி அனுப்பியிருக்கிறான். பேச்சியம்மாள் கீழே வந்து படுடா என்று எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் ஏழு நாள் அந்த ரூமிலேயே படுத்திருக்கிறான். எட்டாம் நாள் கொட்டாம்பட்டிக்குப் போயிருக்கிறான். இந்தத் தடவை ரிப்போர்ட் கொண்டு போகவில்லை. வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றி அவளுக்கு முதுகைக் காட்டினானாம். கழுத்திலிருந்து இடுப்பு வரை சிவந்து தடித்த வேர்க்குரு.

"ஒரு வார்த்தை பேசல மேடம். திரும்பி நின்னுக்கிட்டே இருந்தாக. நானும் பவுடரத் தட்டிவிட்டேன், அப்புறமாப் பையை எடுத்து வச்சேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அது அவளுக்குத் தெரியாது. மன்னிச்சிரும்மா என்றேன். இத்தனை வருட வேலையில் ஒரு வீட்டுக்காரரிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பரவாயில்லை என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை.

"மொத நாளே நீங்களும் செத்த நேரம் உக்காந்திருக்கலாம் மேடம்."

உட்கார்ந்திருக்கலாம்தான்.

இப்போது நான் ஒரு நாளைக்கு ஒரு வீடுதான் பார்க்கிறேன். முதலாளிக்கு வருத்தம்தான். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மீட்டர் பையைத் திறப்பதற்கு முன்னால், இந்த ரூமில் படுப்பது யார் என்று கேளுங்கள். அவர் அந்த வீட்டில் இல்லையென்றால் போன் போட்டாவது கேளுங்கள். அவர் எந்த நேரத்தைச் சொல்கிறாரோ அந்த நேரத்துக்குப் போய் உட்காருங்கள். அதற்கு நேரம் இல்லையென்றால் பரிந்துரைக் கட்டத்தில் 'தெரியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 'குறை இல்லை' என்று எழுதாதீர்கள்.